விக்கிற முட்டை, வெக்கிற முட்டை

என் உயிருக்கு உயிரான கன்னியம்மாக்காவுக்கு,

நீ பதில் எழுதப்போவதில்லை என்று தெரிந்தும், முதலில் நலம் விசாரிக்கத்தான் கை போகிறது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதப் பழக்கினார்கள். இங்கே எல்லாரும் சுகம். மாமா சுகம். உன் செவலைக் கோழியும் சுகம், முன்னைவிடத் திமிராகவே இருக்கிறது. தை மாசம் நீ கண்ணை மூடினதிலிருந்து இந்தப் புரட்டாசி வரைக்கும் உனக்குச் சொல்லவேண்டியவை நிறையச் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்றைச் சொல்லாமல் எனக்குத் தூக்கமில்லை. அதைச் சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. அதனால் முதலில் கோழிக் கூண்டு கட்டின கதையைச் சொல்கிறேன்.

இதை வேறு யாராவது படித்தால் யார் இந்த அக்கா என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. நான் மாமா என்பது அந்த அண்ணனைத்தான். நீயும் நானும் ஓர்ப்படிகள். ஒரே கிணற்றடி, ஒரே புழக்கடை, இரண்டு அடுப்பு. ஓர்ப்படிகள் என்றால் முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடவேண்டும் என்று தெரு எதிர்பார்த்தது. பாவம், தெருவுக்கு ஏமாற்றம்தான். சண்டை போட இரண்டு பேர் வேண்டுமே! நான் கத்துவேன், நீ கேட்டுக்கொண்டே முறத்தில் நொய் புடைப்பாய்.

உத்திரமேரூர் பிளாக் ஆபீஸில் வெள்ளைக் கோழி கொடுக்கிறார்கள் என்று சித்திரையில் தண்டோரா போட்டார்கள். சீமைக் கோழி, கொழுகொழுவென்று, தினமும் முட்டை போடுமாம். ஆனால் ஒரு நிபந்தனை. முதலில் கூண்டு கட்டிக் காட்டவேண்டும். கிராம சேவக் வந்து அளந்து பார்த்துச் சரி என்று எழுதினால்தான் கோழி. நான் உடனே பெயர் கொடுத்துவிட்டேன். கோழி ஆசை பாதிதான், அக்கா. மீதி, மாமாவுக்காக. நீ போனதிலிருந்து அவர் வேலைக்குப் போன நேரம் போக, மற்ற நேரமெல்லாம் உன் ஆட்டுக்கொட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு வைத்தால் ஆறிப்போகும். அந்தக் கைகளுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்கவேண்டியிருந்தது.

கிராம சேவக் சைக்கிளில் வந்தார். சின்ன வயசுதான், பேன்ட் காலில் கிளிப் மாட்டியிருந்தார். மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோயிக்கு எதுக்குப்பா வூடு? பஞ்சாரக் கூடயக் கவுத்து வெச்சா பத்தாதா?"

"பத்தாது பெரியவரே. இது நாட்டுக் கோழி மாதிரி மரத்துல ஏறித் தூங்காது. நாய் வந்தாலும் ஓடத் தெரியாது."

"மரம் ஏறத் தெரியல, ஓடத் தெரியல. அப்பறம் இன்னா கோயி அது?"

அப்படிச் சொன்னவர்தான் மறுநாளே மூங்கில் வெட்டப் போய்விட்டார். ஆட்டுக்கொட்டிலைப் பிரித்துவிட்டு அந்த இடத்திலேயே, பூவரச மரத்து நிழலில், கிழக்குப் பார்த்து வைத்தார். ஆறடி நீளம், நாலடி அகலம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நாலு கல்லுக்கால். காலடியில் எறும்பு ஏறாமல் உடைந்த சட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மூன்று பக்கமும் மூங்கில் பிளாச்சு, முன்பக்கம் மட்டும் ஆபீஸ் கொடுத்த கம்பி வலை. மேலே பனை ஓலை. பாம்பு நுழையக்கூடாது என்று ஒவ்வொரு சந்திலும் விரலை விட்டுப் பார்த்துப் பார்த்து அடைத்தார். அவர் விரல் பாம்பைவிடப் பருமன் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்.

இதைக் கேள். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். கம்பி வலையை வெளியிலிருந்து ஆணி அடித்தால் நிற்காது என்று மாமா உள்ளே போய்க் குந்திக்கொண்டு, உள்ளிருந்தே சுற்றிலும் அடித்துக்கொண்டு வந்தார். நல்ல கெட்டியாக அடித்தார். கடைசி ஆணியை அடித்துவிட்டு நிமிர்ந்தால் வெளியே வர வழியில்லை! கதவு வைக்க மறந்துவிட்டார். நான் கிணற்றடியிலிருந்து திரும்பி வந்தால் கூண்டுக்குள் உன் வீட்டுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா மாமா, உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?"

"பாத்தா தெரியல? காத்து வருதான்னு பாத்துக்கினு கீறேன்."

"வருதா?"

"வருது வருது. சிரிக்காம கொறட்ட எடு, ஆணியப் புடுங்கணும்."

நீ போன பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். கம்பிக்குப் பின்னால் அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள் மாதிரி நின்றேன்.

அப்புறம் கதவு வைத்தார். கோழி ஏறி உட்காரக் குறுக்கே இரண்டு கழி கட்டினார். உள்சாமான்கள் என் பொறுப்பு. முட்டை போடுவதற்கு மூன்று மண்ணெண்ணெய் டின்னை வாய் வெட்டிப் படுக்கவைத்து வைக்கோல் பரப்பினேன். கோழிக்கு வெட்கம் உண்டு, இருட்டில்தான் முட்டை போடும் என்று கிராம சேவக் சொன்னார். அதற்காக டின் வாயில் கோணித்துணி தொங்கவிட்டேன். தீனி போடப் பனந்துண்டு ஒன்றை மாமா குடைந்து கொடுத்தார். ஒரு மூலையில் சாம்பல் தொட்டி, கோழி புரண்டு பேன் உதிர்த்துக்கொள்ள. ஏரிக்கரையில் பொறுக்கின நத்தை ஓட்டை இடித்து ஒரு கொட்டாங்கச்சியில் வைத்தேன். புதுப்பெண் தனிக்குடித்தனம் போகிற மாதிரி எல்லாம் ஆயிற்று.

ஆடி பிறந்து நாலாம் நாள் ஆபீஸிலிருந்து கோழி வந்தது. ஆறு பெட்டை, ஒரு சேவல். மாமா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஆடில யாராவது புது வூட்டுக்குக் குடி போவாங்களா? ஆவணில எட்டுக்கினு வா."

"இது கோழிங்க பெரியவரே!"

"கோயின்னா? அதுக்குக் குடும்பம் இல்லியா?"

கடைசியில் ஆடி முடிகிறவரைக்கும் ஏழு கோழியும் பஞ்சாரத்துக்கடியில் வாடகைக்கு இருந்தன. புது வீடு சும்மா கிடந்தது. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை கதவுக்கு மஞ்சள் பூசிக் குடி வைத்தோம்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது, அக்கா. சொல்ல வந்ததற்கு வந்துவிட்டேன்.

முட்டை சேர ஆரம்பித்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று. ஆனால் ஒரு கோழியும் அடை உட்காரவில்லை. கிராம சேவக்கிடம் கேட்டேன். இந்த ஜாதிக்கு அடை உட்காரத் தெரியாதாம். முட்டை போடும், எழுந்து போய்விடும். குஞ்சு வேண்டுமென்றால் நாட்டுக் கோழிக்கு அடியில் வைக்கவேண்டுமாம். உன் செவலை அப்போதுதான் அடைக்குக் கொக்கரித்துக்கொண்டு, தூக்கினால் கொத்திக்கொண்டு இருந்தது. அதன் கீழ் வைக்க முட்டை பொறுக்கினேன். இரண்டில் எச்சம் ஒட்டியிருந்தது. கழுவலாம் என்று செம்பை எடுத்தேன்.

"கழுவாதீங்கம்மா!" என்று கிராம சேவக் கத்தினார். "ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஆயிரம் இருக்கு. மேல ஒரு பூச்சு அதை மூடியிருக்கு. கழுவினா பூச்சு போயிடும், உள்ள அழுகிடும். திங்கிறதுக்குன்னா கழுவுங்க. அடைக்கு வைக்கிறதைக் கழுவவே கூடாது."

செம்பு கையிலேயே நின்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் பதின்மூன்று முட்டை கழுவினேன்.

உனக்கு நினைவிருக்கும். மறக்கிற விஷயமா அது? நான் பெற்ற தனம் அப்போது கைக்குழந்தை. என் கருப்புப் பெட்டை அடைக்கு வந்திருந்தது. முட்டையெல்லாம் அழுக்காக இருந்தது என்று நான் சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து, வெந்நீரில் சோடா உப்புப் போட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்தேன். வேதக்கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் அல்லவா? சுத்தம், சுத்தம் என்று டீச்சரம்மா தலையில் அடித்து ஏற்றியிருந்தார்கள். தெருவில் ஒருத்திக்கும் தெரியாத ஒன்றைச் செய்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு. மறுநாள் காலையில் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். தீட்டோடு அடையைத் தொடக்கூடாதே. உன்னைக் கூப்பிட்டு, நீ வைத்துவிடு அக்கா என்றேன். நீ குளித்துவிட்டு வந்து, முட்டைக்குக் கரிக்கோடு போட்டு, ஒவ்வொன்றாக வைத்தாய்.

இருபத்தொரு நாள் போயிற்று. இருபத்தைந்தும் போயிற்று. பதின்மூன்றும் கூமுட்டை.

எதிர்வீட்டு முனியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "வெச்ச கை யாருதுன்னு பாரு" என்றாள். உனக்குப் பிள்ளை இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். எல்லாருக்கும் புரிந்தது, உனக்கும் புரிந்தது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன், அக்கா? தனத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ நின்றிருந்தாய். "இனிமே அடை வெக்கிற எடத்துக்கு நீ வராதக்கா" என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். நீ தனத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அழுகின முட்டைகளைக் கூடையில் வாரிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனாய்.

சாயங்காலம் தனம் அழுதபோது மறுபடி உன்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். நீயும் வாங்கிக்கொண்டாய். பெற்ற பிள்ளையை உன் கையில் கொடுத்தவள்தான் ஒரு கோழி முட்டையைக் கொடுக்கமாட்டேன் என்றேன். என்ன புத்தி இது?

அன்றிலிருந்து தெருவில் எந்த வீட்டில் அடை வைத்தாலும் நீ ஏரிப்பக்கம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவாய். உன் கோழிகளுக்குக்கூட நீ முட்டை வைக்கவில்லை. அவை தாமாக வேலியோரம் கள்ளத்தனமாக முட்டை போட்டு, தாமாக அடை உட்கார்ந்து, ஒரு நாள் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கும். பார்த்தீர்களா, கன்னியம்மா கை படாததால் பொரித்தது என்று அதற்கும் ஒரு பேச்சு. நானும் அதைக் கேட்டு ஆமாம் என்றுதான் நினைத்தேன். முட்டை கழுவினதை யாரிடமும் நான் சொல்லவில்லை. மறைத்தேனா, இல்லை சொல்லத் தோன்றவில்லையா? இப்போது யோசித்தால் எனக்கே பிடிபடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கிராம சேவக் கத்தினாரே, அந்த நிமிஷம் என் காதில் கேட்டது அவர் குரல் இல்லை. உன் குரல். அந்தச் சம்பவம் நடந்து இரண்டு மூன்று மாசம் கழித்து, சந்தைக்குக் கொடுக்க நான் முட்டை கழுவிக்கொண்டிருந்தேன். நீ குடத்தோடு வந்து நின்றாய். கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"விக்கிற முட்டய கயுவு, அஞ்சல. வெக்கிற முட்டய கயுவாத" என்றாய்.

தண்ணீர் சேந்திக்கொண்டு போய்விட்டாய். விக்கிறதுக்கும் வெக்கிறதுக்கும் என்னத்தை வித்தியாசம் கண்டாள் இந்த அக்கா என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அடை முட்டையை நான் கழுவவில்லை என்பது உண்மை. சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். நீ சொன்னது எங்கோ உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து எச்சத்தைப் பார்த்ததும் மறுபடி செம்பைத் தூக்கினேனே, எனக்கு எப்போதுதான் புத்தி வரும்?

ஆக, உனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? குப்பைமேட்டில் அந்த முட்டைகளை உடைத்துப் புதைக்கும்போது ஓடு பளிச்சென்று இருந்ததைப் பார்த்தாயா? கிணற்றடிக் கல்லில் சோடா உப்புத் தடம் கண்டாயா? தெரிந்ததும் நேராக முனியம்மா வாசலில் போய் நின்று, என் கையில் ஒன்றுமில்லை, இவள் கழுவித் தொலைத்தாள் என்று ஏன் கத்தவில்லை? நானாக இருந்தால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கக் கத்தியிருப்பேன். ஐந்தாவது படித்த ஓர்ப்படி தெருவில் தலைகுனியக்கூடாது என்று பார்த்தாயா? எனக்குக் கோபமாகக்கூட வருகிறது உன்மேல். எட்டு வருஷம் என்னை இப்படிப் பாவம் சுமக்கவிட்டுவிட்டாயே என்று.

கிராம சேவக் போன பிறகு நான் அடை வைக்கவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உன் பெயர் தெருவில் அப்படியே கிடக்கும், என் பெயர் சுத்தமாக இருக்கும். அந்தச் சுத்தம் எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் பொழுது சாய அடை வைக்க உட்கார்ந்தேன். வெள்ளைக் கோழி முட்டையைச் செவலை ஏற்குமா என்று பார்க்கத் தெருப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மாமா ஓரமாகக் கத்தாழை நார் திரித்துக்கொண்டிருந்தார். முனியம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

"யாரு கையால வெக்கப் போற?"

"அத்தச் சொல்லத்தான் ஒக்காந்துகினு கீறேன்" என்றேன்.

சொன்னேன், அக்கா. வெந்நீர், சோடா உப்பு, பதின்மூன்று முட்டை, கிராம சேவக் சொன்னது, நீ கிணற்றடியில் சொன்னது, எல்லாவற்றையும். "எங்கக்கா கைல ஒன்னும் இல்ல. முட்டய அயுவ வெச்சது நானு. அவங்களுக்குத் தெரிஞ்சும் வாயத் தொறக்கல" என்றேன். செவலை மட்டும் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

முனியம்மா தரையைப் பார்த்தாள். "நீ படிச்சவ, கயுவிப்புட்ட. நானு படிக்காதவ, நாக்கால கயுவிப்புட்டேன்" என்றாள். அவளுக்கு அதுக்குமேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது. உனக்குத்தான் தெரியுமே அவளை.

மாமா நாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். நினைத்துப் பார், அவர் பெண்டாட்டியை எட்டு வருஷம் தெருவில் ஒதுக்கி நிற்கவைத்தவள் நான். என்னை அடித்திருந்தால்கூடக் கேட்டிருக்கமாட்டேன். அவர் திரும்பி வந்தபோது கையில் நீ ஆட்டுக்குப் புல் அறுத்த கருக்கரிவாள் இருந்தது. பிடி கழன்று, அறுத்து அறுத்துத் தேய்ந்து, விரல் நீளம்தான் மிச்சம். தாழ்வாரத்து ஓலையில் நீ செருகி வைத்தது, நாங்கள் யாரும் எடுக்கவில்லை.

"இடிக்கு இரும்பு வெக்கணும் இல்ல? இத்த வெய்யி" என்றார். அப்புறம், "எங்கிட்டகூடச் சொல்லல அவ" என்றார்.

இடி இடித்தால் முட்டை கெடும் என்று நாம் அடையில் ஆணியோ லாடமோ போடுவோமே, அந்த இடத்தில் உன் அரிவாளை வைத்தேன். அதன்மேல் வைக்கோல். வைக்கோல்மேல் பதின்மூன்று முட்டை, எச்சம் ஒட்டியிருந்ததை அப்படியே. ஒவ்வொன்றையும் வைக்கும்போது உன் பெயரைச் சொன்னேன். முணுமுணுக்கவில்லை, கேட்கவே சொன்னேன். செவலை உள்ளே ஏறி, வெள்ளை முட்டைகளைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் தன் முட்டை மாதிரியே வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அந்த இருபத்தொரு நாளும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அழுகிவிட்டால் என்ன ஆகும்? நான் சொன்னதெல்லாம் பொய்யாகி, பழி மறுபடி உன் தலையில்தானே விழும்? ஆவணிக் கடைசியில் மூன்று சாயங்காலம் தொடர்ந்து இடியும் மழையும். ஒவ்வொரு இடிக்கும் நான் கூண்டுப் பக்கம் ஓட, "அடைய தொந்தரவு பண்ணாத, அவ பாத்துக்குவா" என்று மாமா தடுத்தார். செவலையைச் சொன்னாரா உன்னைச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

இருபதாம் நாளே ஒரு முட்டையில் கீறல் விழுந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் பதினொன்று பொரித்துவிட்டது! பதினொன்று, அக்கா. எச்சம் ஒட்டியிருந்த இரண்டும் அதில் சேர்த்தி. செவலை இப்போது மஞ்சள் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு புழக்கடையை ஆளுகிறது. பெற்ற வெள்ளைக் கோழிகள் கம்பிக்குள்ளிருந்து வேடிக்கை பார்க்கின்றன. உன் தனம் தினமும் அதற்குக் கறையான் கொண்டுவந்து கொட்டுகிறாள். பெரியம்மா கோழி, பெரியம்மா குஞ்சு என்றுதான் சொல்கிறாள்.

குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் முனியம்மா வந்து நின்றாள். குஞ்சைப் பார்க்க வந்தவள் மாதிரித் தெரியவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"எம்பெட்டை அடைக்கு வந்துகீது, அஞ்சல. கன்னிம்மா அரிவா இருந்தா குடேன். வெச்சுட்டு, பொரிச்சதும் தரேன்."

எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். இப்போது உன் அரிவாள் நம் வீட்டில் இல்லை, அக்கா. முனியம்மா வீட்டு அடையில் இருக்கிறது. அவளுக்கப்புறம் கடைசி வீட்டுக்காரி கேட்டு வைத்திருக்கிறாள்.

இந்தத் தெருவில் எந்த அடைக்கு முட்டை வைத்தாலும் உன் இரும்பு முதலில் அதில் போகும். அது யாருடைய கை என்று நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வேன். எனக்குப் பிறகு தனம் சொல்வாள். சத்தியம்.

வெக்கிற முட்டையைக் கழுவவும் மாட்டேன்.

உன் கொழுந்தன் பெண்டாட்டி,
உன் பிள்ளை தனத்துக்கு அம்மா,
உன் தங்கச்சி அஞ்சலை